மொட்டை மேட்டுக்கு ஒரு கையெழுத்து

டெல்பின் அட்டகாய் மேய்ச்சல் அலுவலர் ஆனது ஆசைப்பட்டு அல்ல. பதினோரு வருடத்துக்கு முன்னால், அந்தப் பதவியில் இருந்தவர் பாதியில் விட்டுவிட்டு ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் குடிபோய்விட்டார். மீதிக் காலத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்று மூன்று ஊற்று என்கிற எங்கள் ஊரின் மன்றத்தில் கூட்டம் போட்டிருந்தார்கள். டெல்பின் அன்று போனது தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்கத்தான். கேட்டுவிட்டு, ஆட்டுக்கறிச் சாறும் பொரித்த ரொட்டியும் வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடிப்பதற்குள் யாரோ அவள் பெயரைச் சொல்லி, யாரோ வழிமொழிந்து, கைகள் உயர்ந்துவிட்டன. வாய் நிறைய ரொட்டி இருந்ததால் மறுக்க முடியாமல் போயிற்று என்று இன்றைக்கும் சொல்லுவாள்.

அடுத்த தேர்தலில் எதிர்த்து நிற்க ஆளில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. ஆடு எண்ணுகிற வேலைக்கு யார் போட்டி போடுவார்கள்? வேலித் தகராறு, காற்றாடிக் கிணற்றில் யார் குதிரை யார் தண்ணீரைக் குடித்தது என்கிற தகராறு, மேய்ச்சல் சீட்டில் நாற்பது ஆடு என்று இருக்கப் பட்டியில் அறுபது நிற்கிற தகராறு, எல்லாம் அவள் தலையில்தான் விடியும். இரண்டு தரப்பும் அவளைத் திட்டும். திட்டி முடித்ததும் இரண்டு தரப்பும் காப்பி கொடுக்கும். அந்தக் காப்பியைக் குடித்தே அவள் வயிறு புண்ணாகிவிட்டது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. பிக்கப் வண்டியிலிருந்து இறங்கினால் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். பார்க்கிறவர்கள் ஆடு எண்ணுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அதற்கு முன் பத்தொன்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தவள். கணவனுக்கு ரயில்பாதை வேலை. வசந்தம் வந்தால் தண்டவாளம் மாற்றக் கிளம்பிப் போவான், நெப்ராஸ்கா, கான்சாஸ் என்று. பனி விழும்போது திரும்புவான். முப்பத்தொரு வருடக் கல்யாணத்தில் பாதிதான் அவளுக்குக் கிடைத்தது. ஓய்வு பெற்று அவன் வீட்டோடு இருந்தது இரண்டே குளிர்காலம். ஒரே மகள் கெண்ட்ரா, பீனிக்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள்.

அவள் கணவனின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் நவாஹோ பழங்குடி ஜனங்கள் இறந்துபோனவர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால், போகிற வழியில் அவர்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். இந்தக் காலத்தில் சிலர் சொல்லத்தான் சொல்லுகிறார்கள். அது அவர்கள் பாடு. இதைச் சொல்லுகிற எனக்கு நாக்கு எழவில்லை, டெல்பினுக்கும் எளிதில் எழுந்ததில்லை.

அவன் போனது ஒரு ஜனவரி மாதக் காலை. விறகு பிளந்துகொண்டிருந்தவன் கோடரியைக் கீழே வைத்துவிட்டு, மார்பைப் பிடித்துக்கொண்டு மரக்கட்டை மேல் உட்கார்ந்தான். மூன்று ஊற்றில் போன் எடுக்காது. பதினான்கு மைல் மண்சாலையில் போய் நெடுஞ்சாலையைத் தொட்டால்தான் சிக்னல் இரண்டு கோடு வரும். அவனை வண்டியில் ஏற்றிச் சாய்த்து, ஒரு கையில் ஸ்டியரிங்கும் ஒரு கையில் உயர்த்திப் பிடித்த போனுமாக ஓட்டினாள். ஒன்பதாவது மைலில் அவன் தலை அவள் தோளில் விழுந்தது. பதினான்காவது மைலில் போனுக்குக் கோடு வந்தது. மூன்று நாளைக்கு முன் அப்பாவின் பிறந்தநாளுக்கு கெண்ட்ரா அனுப்பியிருந்த வாழ்த்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

அதற்குப் பிறகு டெல்பின் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. ஊருக்கு ஒரு போன் கோபுரம் வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேயிருந்தாள். மன்றத்தில் கேட்டாள், எங்கள் ஜனங்களின் தலைநகரான விண்டோ ராக்கில் கேட்டாள், ஓட்டுக் கேட்டு வந்த ஒவ்வொருவனிடமும் கேட்டாள். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

ஐந்து வருடம் கழித்து ஓர் ஏப்ரலில் போன் கம்பெனி ஆள் ஒருவன் வந்தான். பிரெண்டன் என்று பெயர், வெள்ளைக்காரப் பையன், புதுப் பூட்ஸ். இரண்டு பெட்டி டோனட்டுடன் மன்றத்தில் நின்று விளக்கினான்.

"அரசாங்கம் அலைவரிசைய ஏலம் விடுதுங்க. பழங்குடி நிலத்துக்கு சிக்னல் கொண்டு போறோம்னு ஒத்துக்கிற கம்பெனிக்கு ஏலத் தொகையில தள்ளுபடி உண்டு. நாங்க ஏலம் எடுத்துட்டோம். இப்ப உங்க தலைநகர்லேர்ந்து ஒரு சம்மதக் கடிதம் வேணும். நூத்தி எண்பது நாளைக்குள்ள."

சாலை சீர்செய்யும் வண்டி ஓட்டுகிற எல்ராய் மெனிகோட்ஸ் எழுந்தான். டெல்பினுக்கு அத்தை மகன் முறை. எங்களில் அத்தை மகனும் மாமன் மகளும் ஒருவரையொருவர் கிண்டல் செய்யாமல் விட்டால்தான் மரியாதைக் குறைவு.

"தம்பி, அலைவரிசைன்னா என்ன? காத்துதான?"

"ஒரு விதத்துல அப்படித்தாங்க."

"நம்ம தலைக்கு மேல போற காத்த யாரோ விக்கிறாங்க, யாரோ வாங்குறாங்க, தள்ளுபடியும் வாங்குறவங்களுக்கே. நமக்கு டோனட்டு!" என்று பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டான் எல்ராய். "எங்க மாமன் மகள விட்டுட்டு வேற யாரும் இதுக்குக் கையெழுத்து வாங்க முடியாது. அவ ஆட்டுக்கிட்டயே கையெழுத்து வாங்கிடுவா."

"உன்கிட்ட வாங்குறதுதாண்டா கஷ்டம். உனக்கு எழுதத் தெரியணுமே" என்றாள் டெல்பின். மன்றம் சிரித்தது, இருபத்தெட்டு கைகள் உயர்ந்தன, தீர்மானம் நிறைவேறியது.

தீர்மானம் ஒரு தாள்தான். எங்கள் நிலத்தில் எதைக் கட்டினாலும் அந்த இடத்தின் மேய்ச்சல் சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கோபுரத்துக்கு இடம் மொட்டை மேட்டின் வடக்கு முனை. மேட்டுக்குப் போகிற பாதையும் மின்கம்பியும் ஐந்து சீட்டுக்காரர்களின் நிலத்தைக் கடக்கின்றன. டெல்பின் ஐந்து வீட்டுக்கும் போனாள். ஒரு வீட்டில் ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிற நாள், அவளும் உட்கார்ந்து எட்டு ஆட்டுக்குக் கத்தரித்துக் கொடுத்த பிறகுதான் பேச்சை எடுக்க முடிந்தது. இன்னொரு வீட்டுக்காரி புற்றுநோய் வருமா என்று கேட்டாள், அவள் அக்காள் மழை வராமல் போகுமா என்று கேட்டாள். எந்தக் கேள்வியையும் டெல்பின் சிரித்து ஒதுக்கவில்லை. நான்கு மாதத்தில் ஐந்து கையெழுத்தும் வந்தன. வடக்கு முனைச் சீட்டுக்காரர் மட்டும் பாக்கி. டூபா சிட்டியில் மகன் வீட்டில் இருந்த அந்தக் கிழவர், மூன்று முறை போனபோதும் தூங்குவதாகச் சொல்லிவிட்டார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் பிரெண்டன் சிரித்த முகத்தோடு மன்ற அலுவலகத்துக்கு வந்தான். மேசையில் வரைபடத்தை விரித்தான்.

"மேடம், இனி அந்தப் பெரியவருக்காக அலைய வேண்டாம். கோபுரத்தத் தெற்கு முனைக்கு மாத்திட்டோம். அங்க யாருக்கும் பாத்தியதை இல்ல. உங்க பட்டியல்லயே அப்படித்தான் இருக்கு. எங்க எஞ்சினியருங்களும் வரஞ்சு முடிச்சுட்டாங்க."

வரைபடத்தில் தெற்கு முனை முழுக்கப் பச்சை நிறம். பச்சை என்றால் சீட்டுக்காரர் இல்லாத நிலம்.

டெல்பின் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பட்டியல் அவள் எழுதியது. நாற்பத்தொரு சீட்டு, நாற்பத்தொரு வரி. போனவர்களின் சீட்டுகளை அவரவர் குடும்பம் நீதிமன்றத்துக்குப் போய்ப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றிக்கொண்டதும் டெல்பின் புதுப் பெயரை எழுதுவாள். தெற்கு முனைச் சீட்டு அவள் கணவனுடையது. அதை மாற்ற நீதிமன்றத்தில் அவன் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் போகவில்லை. ஒவ்வொரு வருடமும் பட்டியலைப் புதிதாக எழுதும்போது அந்த வரிக்கு வந்ததும் அவள் கை நின்றுவிடும். வெற்றாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவாள். அலுவலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை. வெற்றிடத்துக்கு என்ன அர்த்தம் என்று எங்களில் யாருக்கும் தெரியும். கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்து படம் வரைகிறவனுக்கு எப்படித் தெரியும்?

"அங்க ஆள் இருக்கு" என்றாள்.

"யாருங்க? பேர் இல்லையே."

"இருக்கு."

பிரெண்டன் பேனாவை எடுத்துக்கொண்டு காத்திருந்தான். அவள் சொல்லவில்லை. எல்ராய்தான் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அது அவ வீட்டுக்காரரோடது, தம்பி. போயிட்டார்" என்றான். சொல்லிவிட்டு அவனும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்று முழுதும் அவன் ஒரு கிண்டலும் செய்யவில்லை.

கெடு முடிய ஐம்பத்திரண்டு நாள் இருந்தது. பழையபடி வடக்கு முனைக்கு மாற்றினால் எஞ்சினியர்கள் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும், அதற்கு நாள் போதாது. நாள் தாண்டினால் கம்பெனிக்குத் தள்ளுபடி போகும், மூன்று ஊற்றுக்குக் கோபுரம் போகும். ஒரே வழி, சீட்டை உயிரோடு இருக்கிற ஒருவர் பெயருக்கு மாற்றிக் கையெழுத்து வாங்குவது. அதற்கு அவள் கணவன் பக்கத்துச் சொந்தமும் சம்மதிக்க வேண்டும். அவன் பக்கத்தில் இருந்தது தங்கை பெர்னிட்டா ஒருத்திதான். மேட்டின் அடியில் எட்டுப் பக்கச் சுவர் வைத்த பழைய மரவீட்டில் இருந்தாள். அண்ணன் சீட்டின் பேரில் முப்பத்தெட்டு ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். பழைய முறைகளை ஒன்று விடாமல் பார்க்கிறவள்.

டெல்பின் முதல் தடவை போனபோது பெர்னிட்டா நீலச் சோளக் கூழ் கொடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் கோப்பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டாள்.

"அண்ணி, போன் பேசுறதுக்கா அவர எழுப்புவீங்க?"

"எழுப்பல பெர்னிட்டா. ஒரு காகிதம் மாத்தணும்."

"காகிதத்துல என்ன எழுதுவீங்க? நீங்க வாயத் தொறந்து சொல்லுவீங்கல்ல?"

"அன்னிக்கு ஒரு கோடு இருந்திருந்தா உங்கண்ணன் இன்னிக்கு இங்க உக்காந்து கூழ் குடிச்சிட்டிருப்பார்."

"குடிச்சிட்டிருப்பாரு. இப்ப இல்ல. விடுங்க."

இரண்டாவது தடவை போனபோது பெர்னிட்டா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "கோபுரம் வேணும்னா உங்க வீட்டுக் கூரை மேல வச்சுக்கோங்க. எனக்குத் தெரியும் அண்ணி. சீட்டு உங்க பேருக்கு வந்துட்டா என் ஆட்டக் கொறைக்கச் சொல்லுவீங்க. மேய்ச்சல் அலுவலர்தான நீங்க?"

அது டெல்பினுக்குச் சுருக்கென்று குத்தியது. இத்தனை வருடத்தில் அந்த ஆடுகளை ஒருமுறைகூட அவள் எண்ணியதில்லை. சீட்டில் முப்பது என்றுதான் இருந்தது. அந்த எண்ணிக்கையையும் பட்டியலில் அவள் வெற்றாகவே விட்டிருந்தாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம், ஒரு கோபுரத்துக்காக நாத்தனாரையும் இழக்க வேண்டுமா, இந்த ஊர் எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது மைலைக் கடக்கும்போது அந்த நினைப்பு நிலைக்கவில்லை. அந்த இடத்தை ஒவ்வொரு முறையும் எப்படிக் கடக்கிறாளோ, அன்றும் அப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தாள்.

மூன்றாவது தடவை போனபோது அவள் உட்காரக்கூட இல்லை.

"சீட்ட நீயே எடுத்துக்க. உன் பேருக்கே மாத்திடுறேன். எனக்கோ கெண்ட்ராவுக்கோ ஒரு ஆட்டுக் குட்டிக்கும் பாத்தியதை வேணாம். கையெழுத்த மட்டும் போடு."

முப்பத்தொரு வருடம் அவனோடு வாழ்ந்தவள் அவன் நிலத்தை விட்டுக்கொடுப்பது எங்களில் சின்ன விஷயமில்லை. பெர்னிட்டா கேட்டாள்:

"டாரெல் பேசுறது கேக்குமா? இங்க, வீட்டுலேர்ந்து?"

டாரெல் அவள் மகன். வட டகோட்டாவில் எண்ணெய்க் குழாய் வேலை. மாதம் ஒருமுறை நெடுஞ்சாலைக்குப் போய் வண்டியில் உட்கார்ந்துதான் அவன் குரலைக் கேட்பாள்.

"கேக்கும்."

"அங்க நான் வாயே தொறக்க மாட்டேன், அண்ணி. பேர நீங்கதான் சொல்லணும்."

"நான்தான் சொல்றேன்."

விசாரணை அக்டோபர் முதல் வாரத்தில், கயென்டாவில் நடந்தது. காலையில் ஐம்பது மைல் போனார்கள். நீதிபதி நடுவயதுப் பெண், எங்கள் ஜனம்தான். முதலில் குலம் சொல்லி வணங்கினாள். டெல்பினின் அம்மா வழிக் குலமும் நீதிபதியின் அப்பா வழிக் குலமும் ஒன்றாக இருந்தன. முறை தெரிந்ததும் அறை கொஞ்சம் இளகியது. பிறகு காகிதங்களைப் புரட்டினாள்.

"சீட்டு யார் பேர்ல இருக்கு? பேர் சொல்லுங்க."

டெல்பின் எழுதிக் கொண்டுவந்த தாளை நீட்டினாள். கெண்ட்ரா பீனிக்ஸிலிருந்து தட்டச்சு செய்து அனுப்பியது அது.

"பாத்தேன்" என்றாள் நீதிபதி. குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் தெரியும். நானும் இப்படி வளந்தவதான். ஆனா பதிவுல உங்க குரல் வேணும். ஒரு தடவ போதும்."

டெல்பின் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஜன்னலைப் பார்த்தபடி, கணவனின் பெயரை முழுதாகச் சொன்னாள். முதல் பெயர், நடுப்பெயர், அவன் அப்பா வழிப் பெயர். ரயில்வேக்காரர்கள் சம்பள நாளில் கூப்பிட்டதைப் போல ஒன்றும் விடாமல் சொன்னாள். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. பெர்னிட்டா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும் சால்வை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது.

இருபது நிமிடத்தில் முடிந்தது. வெளியே, வண்டியின் பானெட் மேல் கோபுரத்துக்கான சம்மதத் தாளை வைத்துப் பெர்னிட்டா கையெழுத்துப் போட்டாள். வீடு வந்ததும், தீட்டுக் கழிய ஜூனிப்பர் இலையைத் தணலில் போட்டு இருவரும் உடம்புக்குப் புகை காட்டிக்கொண்டார்கள். டெல்பின் வழக்கத்தைவிட நீண்ட நேரம் புகையில் நின்றாள். அன்றும் மறுநாளும் அவளால் சாப்பிட முடியவில்லை. செய்யக்கூடாததைச் செய்துவிட்டோம் என்றே நினைத்தாள். கோபுரம் வந்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் நினைத்தாள்.

கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது தலைநகரின் சம்மதக் கடிதம் போய்ச் சேர்ந்தது. பிரெண்டன் நன்றி சொல்லி ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பினான். நெடுஞ்சாலைக்குப் போனபோது அது வந்து விழுந்தது. கம்பெனிக்குத் தள்ளுபடி கிடைத்துவிட்டது.

அடுத்த வசந்தத்தில் அளவைக்காரர்கள் வந்து மொட்டை மேட்டில் நான்கு குச்சி நட்டு, ஆரஞ்சு நாடா கட்டிவிட்டுப் போனார்கள். ஒரு வாரத்தில் இரண்டு நாடாவை ஆடுகள் தின்றுவிட்டன. எல்ராய்க்குக் கொண்டாட்டம். "மாமன் மகளே, உன் நாத்தனார் ஆட்டுக்கு முதல்ல சிக்னல் வந்திருச்சு. வயித்துக்குள்ள மணி அடிக்குதாம்." டெல்பின் சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

பெர்னிட்டா ஒரு போன் வாங்கினாள். சூரியத்தகட்டில் சார்ஜ் போட்டு, தினமும் காலையில் ஆட்டைத் திறந்துவிட்ட பிறகு மேட்டைப் பார்த்து நின்று அதைத் தூக்கிப் பிடிப்பாள். குச்சி நட்ட இடத்திலிருந்து கொஞ்சமாவது கசிந்து வராதா என்று நினைத்தாளோ என்னவோ. டெல்பின் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவள் போல வண்டியை மெதுவாகத் திருப்பினாள். அந்த வருடம் போயிற்று. அடுத்த வருடமும் போயிற்று. கேட்டால், சாமான் வரவேண்டும் என்றார்கள். மின்சாரத்துறை வரவேண்டும் என்றார்கள். பிரெண்டன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அவனுக்குப் பதில் வந்த பெண்ணுக்கு மூன்று ஊற்று எங்கே என்று இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் வருடம் நவம்பரில் கடிதம் வந்தது. தபால்பெட்டி நெடுஞ்சாலைக் கடையில். டெல்பின் வண்டியில் உட்கார்ந்து மூன்று முறை படித்தாள். தள்ளுபடி பெற்ற கம்பெனி பழங்குடி நிலத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மூன்று வருடத்துக்குள் சிக்னல் கொடுக்க வேண்டும். அதுதான் விதி. நெடுஞ்சாலை ஓரமாக மூன்று ஊர்களில் வைத்த கோபுரங்களிலேயே அந்த எண்ணிக்கை நிறைவேறிவிட்டது. ஆகவே மொட்டை மேட்டுக் கோபுரம் தற்போதைய திட்டத்தில் இல்லை. ஒத்துழைப்புக்கு நன்றி.

பொய் ஒரு வரி இல்லை. விதியை யாரும் மீறவில்லை. மேட்டில் கோபுரம் வைப்போம் என்று கடிதத்தைக் காட்டித் தள்ளுபடி வாங்கி, கடை இருக்கிற ஊரில் கோபுரம் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இதற்கு யாரைப் போய்ச் சட்டையைப் பிடிப்பது? எனக்குத் தெரியவில்லை. டெல்பினுக்கும் தெரியவில்லை. அவள் கோபப்பட முயன்று பார்த்தாள். அதற்குக்கூட உடம்பில் தெம்பு இல்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பெர்னிட்டா வீட்டுக்கு ஓட்டினாள். வேறு யாரையாவது அனுப்பிச் சொல்லச் சொல்லியிருக்கலாம். அது முறையில்லை.

பெர்னிட்டா அடுப்பில் சாறு வைத்திருந்தாள். போன் ஜன்னலோரம் சார்ஜில் இருந்தது.

"அண்ணி, வாங்க. டாரெல் கிறிஸ்துமஸ்க்கு வரலையாம். பரவால்ல, கோபுரம் எப்ப வருதாம்? வந்துட்டா அவன் மூஞ்சியவே பாக்கலாமாமே."

டெல்பின் உட்கார்ந்தாள். "வராது, பெர்னிட்டா."

"இந்த வருஷமா?"

"எப்பவுமே. நூத்துக்கு எழுபத்தஞ்சு பேருக்குக் குடுத்தாப் போதுமாம். குடுத்துட்டாங்க."

பெர்னிட்டா கரண்டியைக் கீழே வைத்தாள். விரல்விட்டு ஏதோ கணக்குப் பார்த்தாள்.

"அப்ப நாம மிச்ச இருபத்தஞ்சா?"

"ஆமா."

சாறு கொதித்தது. பெர்னிட்டா அதை இறக்கவில்லை. அவள் கேட்கப்போவது என்னவென்று டெல்பினுக்கு அந்தக் கடிதத்தைப் பிரித்த நிமிடத்திலிருந்தே தெரியும்.

"அண்ணி, அப்ப அவர் பேர சும்மாவா சொன்னோம்?"

சொன்னோம் என்றாள், சொன்னீங்க என்று சொல்லவில்லை. டெல்பினுக்குத் தாங்கவில்லை. எங்களில் போனவர்களுக்காக நான்கு நாள் அழலாம். ஐந்தாம் நாள் கண்ணைத் துடைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். அதற்குமேல் அழுதால் அவர்களுக்குப் பாதை நனையும். டெல்பின் அந்த நான்கு நாளும் அழவில்லை. மகளைத் தேற்றினாள், வந்தவர்களுக்குச் சமைத்தாள். ஐந்தாம் நாள் ஆடு எண்ணப் போனாள். இத்தனை வருடமும் எண்ணினாள். இப்போது நாத்தனாரின் வீட்டில், சட்டைப்பையில் அந்தத் தாளோடு, வாய்விட்டு அழுதாள். கோபுரத்துக்காக அழவில்லை. அவனுக்காக அழுதாள். அது பெர்னிட்டாவுக்கும் தெரிந்தது.

எங்கள் ஊரிலேயே ஒன்று விடாமல் முறை பார்க்கிறவள் பெர்னிட்டா. அழாதீங்க என்று அவள் தடுக்கவில்லை. அடுப்பை அணைத்தாள், சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள், வாசலில் நின்று திரும்பினாள்.

"நான் ஆட்டப் பாத்துட்டு வர்றேன், அண்ணி. வர நேரமாகும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.